பழைய அம்பாசடரின் கதவுக்குக் கீழே துரு: பட்டி போட்டால் போதுமா?

போதாது. பெயின்ட் கொப்பளித்திருந்தால் துரு உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதன் அடியில் துரு தொடர்ந்து தின்றுகொண்டே இருக்கும்.

அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே வண்டியின் எடையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி அதில் முக்கியமான தூண். அதை வெட்டும் முன் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு திறப்பின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாடி தொய்ந்து, அப்புறம் கதவு சரியாக மூடாது. ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம்.

பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, அதே கனத்தில் புதுத் தகடு வைக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கில் சூடு பரவித் தகடு நெளியும். மிக் வெல்டிங் (வாயுக் காப்பில் கம்பியை மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் முறை) நல்லது. அதிலும் ஒரே இழுப்பாக ஓட்டாமல், இங்கே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி என்று ஆறவிட்டு வைக்கும் டிங்கரை (வண்டித் தகடு வேலை செய்பவரை) தேடுங்கள். வெல்டிங் தொடங்கும் முன்பே பேட்டரி இணைப்பைக் கழற்றி, தரை விரிப்பையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு ஜிங்க் பிரைமர் (துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு), மேலே மெல்லிய பட்டி, பெயின்ட். கடைசியாகப் பெட்டியின் உட்புறம் மெழுகு கலந்த துருத்தடுப்பு அடிக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.