மோட்டார் ஹோமில் சொந்தக்காரர் வீட்டுக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா வீட்டு வாசலில், படுக்கையும் சமையல் வசதியும் உள்ள எங்கள் சின்ன மோட்டார் ஹோம் வண்டியை நிறுத்தி ஒரு வாரம் அதிலேயே தங்கப் போகிறோம். வண்டிக்கான கரண்டை அவர்கள் வீட்டிலிருந்து எடுக்கலாமா? ஏசியும் ஓட வேண்டும்.

பதில்: எடுக்கலாம். ஆனால் இந்தப் பயணத்தில் அதிகக் கவனம் கேட்கும் வேலை இதுதான். நடுவழியில் பழுதாகும் வண்டிகளைவிட, போய்ச் சேர்ந்த வீட்டு வாசலில் கருகும் பிளக்குகளைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

முதலில் எந்த பாயின்ட் என்று கேளுங்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயின்ட் சுமார் 1,400 வாட்தான் தாங்கும். சின்ன ஏசி 1,000 வாட், பேட்டரி சார்ஜர் 300 வாட் என்றால் அதிலேயே கணக்கு முடிந்தது. கெட்டில் போட்டால் டிரிப் ஆகும். 16 ஆம்பியர் பாயின்ட் கிடைத்தாலும் தொடர்ச்சியாக 10 ஆம்பியருக்கு மேல் இழுக்காதீர்கள். அதே இணைப்பில் அக்கா வீட்டு வாஷிங் மெஷினும் இருக்கலாம்.

கேபிள் மூன்று கோர், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் 0.75 கேபிளை 25 மீட்டருக்கு இழுத்தால், 10 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 15 வோல்ட் வரை போய்விடும். ஏசி கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். ஏசியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுருளில் வரும் கேபிளானால் கடைசிச் சுற்றுவரை அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே விட்டால் சூடு வெளியேற வழியின்றி உள்சுற்றுகள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எர்த் இருக்கிறதா என்று சாக்கெட் டெஸ்டரைச் செருகிப் பாருங்கள். எர்த் இல்லாத பாயின்ட் வேண்டவே வேண்டாம். வண்டியின் உலோக உடம்பில் கரண்ட் ஏறினால், ஈரத் தரையில் நின்று கதவைப் பிடிக்கும் குழந்தைக்குத்தான் ஆபத்து.

இணைக்கும்போது வண்டிக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் வண்டிப் பக்கத்தையும் பிறகு வீட்டுப் பக்கத்தையும் செருகுங்கள். கழற்றும்போது வீட்டுப் பக்கம் முதலில். ஏசி போட்டு அரைமணி நேரம் கழித்து பாயின்ட்டை அணைத்துவிட்டு பிளக் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டின் உள்தகடு தளர்ந்திருக்கிறது. வேறு பாயின்ட்டுக்கு மாறுங்கள். இணைத்ததும் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் வண்டியில் எங்கோ கசிவு. ஒவ்வொரு சாதனமாகப் போட்டுப் பாருங்கள். வாட்டர் ஹீட்டரின் காயில்தான் அடிக்கடி மாட்டும்.

கேள்வி: வழியில் ஓர் இரவு கரண்ட் இல்லாத இடத்தில் தங்குவோம். 100 ஆம்பியர்-அவர் பேட்டரி போதுமா?

பதில்: ஓர் இரவுக்குப் போதும். லெட்-ஆசிட் என்றால் பாதியைத்தான் எடுக்கலாம், அதாவது 50 ஆம்பியர்-அவர். கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 முதல் 40 வரை சாப்பிடும். விளக்கு, ஃபேன், பம்ப் சேர்த்து இன்னொரு 15. இது முழு நாள் கணக்கு, ஓர் இரவுக்கு இதைவிடக் குறைவுதான். எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் விட்டு அளந்தால் 12.7 வோல்ட் முழுசு, 12.2 பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். மறுநாள் ஓட்டும்போது ஏறிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். புதிய வண்டிகளில் எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர், எஞ்சின் பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும். இடையில், வோல்ட்டேஜைத் தேவையான அளவுக்கு உயர்த்தித் தரும் டிசி-டிசி சார்ஜர் இருந்தால்தான், ஃபிரிட்ஜ், விளக்குக்கான உள் பேட்டரி முழுசாக நிறையும்.

கேள்வி: வண்டியின் கேசட் டாய்லெட்டை (கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி) உறவினர் வீட்டுக் கழிப்பறையில் காலி செய்யலாமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை. போவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுங்கள். கூடவே செப்டிக் டேங்கா, பாதாளச் சாக்கடையா என்றும் கேளுங்கள். செப்டிக் டேங்க் என்றால் ஃபார்மால்டிஹைடு கலந்த டாய்லெட் திரவம் கூடாது. கழிவை மட்கவைக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும். என்சைம் வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேசட் 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். நிறையும்வரை காத்திருக்காமல் முக்கால் அளவிலேயே எடுங்கள். தளும்பாது, தூக்கவும் சுலபம். ஊற்றும் குழாயைக் கோப்பைக்குள் நன்றாக இறக்கி, காற்று பட்டனை அழுத்தியபடியே மெதுவாகச் சாயுங்கள். பட்டனை விட்டுவிட்டால் காற்று குழாய் வழியாகவே உள்ளே போகப் பார்க்கும். குபுக் குபுக்கென்று தெறிக்கும். பாதியில் ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். காலியானதும் 3 லிட்டர் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். ரப்பர் சீலுக்கு சிலிகான் ஸ்ப்ரே போதும், வாசலின் தடவினால் ரப்பர் கெட்டுக் கசியத் தொடங்கும். மழைநீர் வடிகாலிலோ தோட்டத்திலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஓடும்போது நன்றாகக் குளிரும் கேஸ் ஃபிரிட்ஜ், மாமா வீட்டு வாசலில் நிறுத்தினால் மட்டும் குளிர்வதில்லை. ஏன்?

பதில்: வாசல் சரிவாக இருக்கிறது. இந்த வகை ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. அமோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாயில் இறங்கி ஓட வேண்டும். சாய்ந்து நின்றால் ஓரிடத்தில் தேங்கிவிடும். பல மாடல்களுக்கு 3 டிகிரியே அதிகம். ஓடும் வண்டியின் ஆட்டத்தில் கரைசல் தேங்குவதில்லை, அதனால்தான் வழியில் பிரச்சினை தெரியவில்லை. ஃபிரிட்ஜுக்குள் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரங்களை லெவலிங் ராம்ப் மீது மெல்ல ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு அடைப்புக்கட்டை வையுங்கள். செங்கல்லை அடுக்கி ஏற்றாதீர்கள், உடைந்து நழுவும்.

கேள்வி: அங்கிருந்து அம்மாவையும் தம்பி பிள்ளைகளையும் அழைத்துப் போக ஆசை. பின்கட்டிலில் படுத்து வரலாமா?

பதில்: கூடாது. எத்தனை பெல்ட் சீட்டோ அத்தனை பேர்தான். திடீர் பிரேக்கில் கட்டிலில் இருப்பவர் சமையல் மேடைமீது வந்து விழுவார். பக்கவாட்டில் பார்த்தபடி அமைந்த சீட்டில் குழந்தை சீட்டையும் பொருத்தக் கூடாது.

எடையையும் பாருங்கள். 3,500 கிலோ வரம்புள்ள வண்டியில், உள்ளே பொருத்தியிருக்கும் சாமான்களே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஆள், சாமான் எல்லாம் ஏற்றியபின் எடைமேடையில் ஏற்றி முன், பின் அச்சுகளைத் தனித்தனியாகப் பாருங்கள். பரிசுப் பொருட்களைப் பின்னால் திணித்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் பிடிப்பு குறையும். கனமானவை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தரையோடு இருக்கட்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. வழிக்கு 20 லிட்டர் வைத்துக்கொண்டு மீதியைப் போய்ச் சேர்ந்ததும் நிரப்புங்கள்.

கேள்வி: வீட்டு கேட்டுக்குள் வண்டி நுழையுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: "இங்கே லாரியே வந்திருக்கிறது" என்பதை நம்ப வேண்டாம். டேப் வைத்து அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். மரக்கிளை, சன்ஷேடு, கேபிள் ஒயர் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். உங்கள் அளவில் கண்ணாடிகளையும் கூரை மேலுள்ள ஏசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பின்பகுதியுள்ள வண்டி வலப்பக்கம் திரும்பினால் அதன் இடப்பின் மூலை வெளியே வீசும். கேட் தூணில் இடிப்பது அந்த மூலைதான். ஒருவரை அந்தப் பக்கம், உங்கள் கண்ணாடியில் தெரியும்படி நிற்கவையுங்கள். அவர் மறைந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.