சிப்பி மாலையும் கடைநூலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மானியாவின் பழங்குடிப் பெண்களின் சிப்பி மாலைகள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். இன்று அவர்கள் எஃகு ஊசியால் துளையிட்டு, கடையில் வாங்கிய நூலில் கோத்து, கலைக்கூடங்களில் விற்கிறார்கள். இதை மரபு என்பது மிகையல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முன்பு துளையிட்டது கங்காருவின் பல், கோத்தது கங்காரு வாலின் நரம்பு. அவை மாறிவிட்டன, உண்மைதான். ஆனால் அந்த மாலையில் மிகக் கடினமான வேலை துளையிடுவதல்ல, சிப்பியைக் கண்டெடுப்பது. மரீனர் என்னும் சிறு கடல் நத்தை கடற்பாசியில் வாழ்கிறது. எந்தக் கரையில், எந்தப் பருவத்தில், நீர் எவ்வளவு வற்றும்போது இறங்க வேண்டும் என்பதைத் தாயும் பாட்டியும்தான் சொல்லித் தருகிறார்கள். உள்ளிருக்கும் உயிர் அழுகி வெளியேறும்வரை காத்திருந்து, மங்கலான மேல்தோலை நீக்கினால்தான் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒளி தெரியும். பிறகு அளவு வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு நீண்ட மாலைக்கு நூற்றுக்கணக்கான சிப்பிகள் தேவை. டாஸ்மானியாவுக்கு வடகிழக்கே ஃபர்னோ தீவுகளில் ஒன்றான கேப் பேரன் தீவில் 1946இல் பிறந்த மாலைக் கலைஞர் லோலா கிரீனோ இதைத் தன் தாயிடம் கற்றார்.

விற்பனையும் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தீவுப் பெண்கள் உணவுக்கும் துணிக்கும் மாலைகளைக் கொடுத்திருக்கிறார்கள். 1876இல் ட்ருகனினி என்ற பழங்குடிப் பெண் இறந்தபோது, டாஸ்மானியப் பழங்குடிகள் அழிந்தார்கள் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஃபர்னோ தீவுகளிலோ அவர்களுடைய குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன, பெண்கள் மாலை கோத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்க்கு எதிரான சான்றை விலை போட்டு விற்றதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ட்ருகனினியுடையது எனப்படும் மாலையை இங்கிலாந்தின் எக்ஸிடர் அருங்காட்சியகம் 1997இல்தான் திருப்பித் தந்தது.

உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகப் பொருந்துவது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பழங்குடிக் கலைஞர் மரீ கிளார்க்குக்கு. கங்காருப் பல் மாலை செய்யும் வழக்கம் அங்கே அறுந்துபோயிருந்தது. அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாலைகளைப் பார்த்துப் பார்த்து அவர் அதை மீட்டார். சாலையில் வண்டியில் அடிபட்டு இறந்த கங்காருக்களின் பற்களை எடுத்து, நரம்பாலும் தோலாலும் கட்டி, செங்காவி பூசுகிறார். 2021இல் மெல்போர்னிலுள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. தொடர்ச்சி அறுந்த இடத்தில் இப்படி மீண்டும் கற்பதையும் மரபு என்றே நான் சொல்வேன். அந்த மரபைப் பறித்த வெள்ளைக் குடியேறிகளின் வாரிசுகள் அவரிடம் தூய்மையை எதிர்பார்ப்பது அநியாயம்.

எனக்குக் கவலை நூலைப் பற்றியதல்ல, கடலைப் பற்றியது. டாஸ்மானியாவின் கிழக்குக் கடல் சூடேறி, பெரும் பாசிக்காடுகளில் மிகுதியும் போய்விட்டன. சிப்பி முன்போல் கிடைப்பதில்லை என்று மூத்த பெண்கள் சொல்கிறார்கள். நைலான் நூல் வந்தும் மாலை பிழைத்தது. பாசி இல்லாமல் மரீனர் பிழைக்காது.