கேள்வி–பதில்: ஷெல் கணக்கும் படமில்லாத இணையமும்

கேள்வி: 1996இல் அப்பா வைத்திருந்த வி.எஸ்.என்.எல். மாணவர் கணக்கில் எழுத்து மட்டும்தான் வருமாம். வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தும், படங்களோடு பக்கங்களைக் காட்டும் நெட்ஸ்கேப் பிரவுசர் ஏன் ஓடவில்லை?
– கல்லூரி மாணவி, மேற்கு மாம்பலம்

பதில்: கணினியில் குறை ஏதுமில்லை, கணக்கின் வகைதான் காரணம். அரசு நிறுவனமாக இருந்த வி.எஸ்.என்.எல். (விதேஷ் சஞ்சார் நிகாம்) 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அதில் டிசிபி/ஐபி (இணையக் கணினிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறை) கணக்கு வாங்கியவரின் கணினி நேரடியாக இணையத்தில் இணைந்தது. ஆனால் அதற்குத் தனிநபர் ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்ததால், மாணவர்கள் 500 ரூபாய் ஷெல் கணக்கையே நாடினார்கள். அந்தக் கணக்கில், தொலைபேசி வழியாகக் கணினியை இணைக்கும் மோடம் போய்ச் சேர்வது யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் வி.எஸ்.என்.எல். கணினியில். இணையத்தில் இருப்பது அந்தக் கணினிதான், உங்கள் வீட்டுக் கணினி அதன் திரையாகவும் விசைப்பலகையாகவும் மட்டுமே இருந்தது.

ஆகவே பிரவுசரும் அங்கேதான் ஓடியது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992இல் உருவான, எழுத்தை மட்டும் காட்டும் லிங்க்ஸ்தான் அது. கீழ் அம்புக்குறியால் இணைப்புகளில் இறங்கி, வலது அம்புக்குறியால் உள்ளே போய், இடது அம்புக்குறியால் திரும்புவார்கள். திரை நிறைய எழுத்து வந்தாலும் ஏறக்குறைய 2 கிலோபைட்தான் என்பதால், 14.4 கேபிபிஎஸ் (நொடிக்கு 14.4 கிலோபிட்) மோடத்தில் அது ஓரிரு நொடியில் வந்துவிடும். 60 கிலோபைட் படம் ஒன்றுக்கோ அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தொலைபேசிக் கட்டணம் ஏறிக்கொண்டே இருந்த வீடுகளில், வாசிக்க வந்தவருக்கு லிங்க்ஸ் உண்மையிலேயே நல்ல கருவி என்பேன். படத்துக்குரிய விளக்கத்தை 'ஆல்ட்' குறிப்பில் எழுதாமல், மெனுவையே படமாக வைத்த பக்க வடிவமைப்பாளர்கள்தான் இந்த வாசகர்களைக் கைவிட்டார்கள்.

படம் பார்க்கவும் வழி இருந்தது. 1994இல் வெளிவந்த ஸ்லிப்நாட் என்ற விண்டோஸ் பிரவுசர், மறுமுனையில் லிங்க்ஸை இயக்கிப் பக்கத்தையும் படங்களையும் அங்கே சேமித்து, இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக அவற்றை வீட்டுக்கு இறக்கிக் காட்டியது. யூனிக்ஸ் கணினியில் ஸ்லிர்ப் என்ற நிரலை ஓடவிட்டால், ஷெல் கணக்கே டிசிபி/ஐபி கணக்கைப் போல் நடந்துகொள்ளும்; நெட்ஸ்கேப்பும் ஓடும்.

கேள்வி: லிங்க்ஸ் இன்றும் உண்டா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: உண்டு. வரைகலைத் திரை இல்லாத சர்வர்களில் பக்கங்களைப் பார்க்க அது இன்றும் பயன்படுகிறது. எழுத்து மட்டுமே தருவதால், குரல்வாசிப்புக் கருவியோடும் பிரெயில் கருவியோடும் பார்வையற்றவர்களும் அதைப் பயன்படுத்த முடிகிறது.