ஊர்ப் பெயர் கேள்விக்குறி ஆவது ஏன்?

கேள்வி: தமிழ் ஊர்ப் பெயர்கள் கொண்ட ஜியோஜேசான் வரைபடத் தரவுக் கோப்பை, ஜீடால் என்ற புவித்தரவு நூலகத்தின் ஓஜிஆர்2ஓஜிஆர் கருவியால் ஷேப்ஃபைல் என்ற இன்னொரு வரைபடக் கோப்பு வடிவத்துக்கு மாற்றினேன். பெயரெல்லாம் ‘?????’ ஆகிவிட்டது. எழுத்துருக் கோளாறா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஷேப்ஃபைலில் பெயர், எண் போன்ற விவரங்கள் டிபிஎஃப் கோப்பில் உட்காருகின்றன. அது டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருள் காலத்துச் சரக்கு. குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) எதுவென்று நீங்கள் சொல்லாவிட்டால் ஜீடால் ஐஎஸ்ஓ 8859-1இல் எழுதும். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமில்லை. மாற்றும்போதே திரையில் ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், பார்த்திருக்க மாட்டீர்கள்.

கட்டளையில் ‘-எல்சிஓ என்கோடிங்=யுடிஎஃப்-8’ என்பதைச் சேர்த்து (ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்; யுடிஎஃப்-8 என்பது தமிழும் அடங்கிய யுனிகோடு குறியாக்கம்) மூலக் கோப்பிலிருந்து மறுபடி மாற்றுங்கள். கேள்விக்குறி விழுந்த கோப்பைக் காப்பாற்ற முடியாது. அதில் எழுத்தே போய்விட்டது. தலையில் கோடு போட்ட குட்டி ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறிமாறித் தெரிந்தால் கதை வேறு. எழுத்து பத்திரமாக இருக்கிறது, படிக்கும் விதம்தான் தப்பு. ‘யுடிஎஃப்-8’ என்ற ஒரே சொல்லை எழுதி, அதே பெயரில், குறியாக்கத்தைச் சொல்லும் சிபிஜி கோப்பாக டிபிஎஃப் பக்கத்தில் போட்டால் சரியாகிவிடும்.

அப்படியும் ஒரு தொல்லை மிஞ்சும். டிபிஎஃப்பில் புலத்தின் (அட்டவணை நெடுவரிசையின்) பெயருக்கு 10 பைட்தான். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் கணக்கு. ‘மாவட்டம்’ என்று எழுத 24 பைட் வேண்டும். புலத்துக்குள் எழுதும் உரைக்கும் 254 பைட்தான், அதாவது சுமார் 84 குறிகள். முகவரி எழுதினால் வாலறுந்து போகும். வாங்குபவர் ஷேப்ஃபைலே வேண்டும் என்று அடம்பிடிக்காவிட்டால் ஜியோபேக்கேஜில் கொடுங்கள். எஸ்கியூலைட் அடிப்படையிலான ஒரே கோப்பு, உரை முழுக்க யுனிகோடு.

கேள்வி: பைப்ராஜ் என்ற பைத்தான் நூலகத்தில் சென்னைப் புள்ளிகளை யுடிஎம்முக்கு (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ஆய முறைக்கு) மாற்றினால் எங்கோ வட துருவத்துப் பக்கம் போகின்றன.
– வாசகர், சென்னை

பதில்: ஆயங்கள் இடம் மாறியிருக்கின்றன. சென்னை அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. வரிசையைத் திருப்பிக் கொடுத்தால் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்கு வடக்கே கடலில் விழும். ஈபிஎஸ்ஜி 4326 என்பது வழக்கமான அட்சரேகை, தீர்க்கரேகை ஆய முறையின் குறியெண்; அதன் வரையறையில் அட்சரேகைதான் முதலில். 2019இல் வந்த ப்ராஜ் 6 (பைப்ராஜின் அடித்தள நூலகம்), ஜீடால் 3 முதல் நூலகங்கள் அதைக் கறாராகக் கடைப்பிடிக்கின்றன. ஜியோஜேசானிலோ தீர்க்கரேகை முதலில். மாற்றியை உருவாக்கும்போது ‘ஆல்வேஸ்_எக்ஸ்ஒய்=ட்ரூ’ கொடுங்கள். யுடிஎம் மண்டலக் குறியெண்ணாகச் சென்னைக்கு 32644 சரி. கோவை, மண்டல எல்லையான 78 பாகைத் தீர்க்கரேகைக்கு மேற்கே இருப்பதால் அதற்கு 32643.

கேள்வி: ‘பிப் இன்ஸ்டால் ஜீடால்’ தோற்றுக்கொண்டே இருக்கிறது.
– வாசகர், திருச்சி

பதில்: பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் இங்கே இறக்குவது மூல நிரலை. கணினியில் ஜீடாலின் சி++ நூலகம் ஏற்கெனவே இருந்தால்தான் அது தொகுக்கப்படும், பதிப்பும் பொருந்த வேண்டும். உபுண்டுவில் ‘லிப்ஜிடால்-டெவ்’ நிறுவி, ‘ஜிடால்-கான்ஃபிக் --வெர்ஷன்’ காட்டும் எண்ணையே பிப்பிடம் கேளுங்கள். படித்து எழுதினால் மட்டும் போதுமென்றால் இந்த வம்பே வேண்டாம்: ராஸ்டருக்கு (கட்டங்களாலான படத் தரவு) ராஸ்டீரியோ, வெக்டருக்கு (புள்ளி, கோடு, பரப்பு) பையோக்ரியோ. இரண்டும் ஜீடாலைத் தம்முள்ளேயே சுமந்து வருகின்றன.