இலவச வருமான வரித் தாக்கல்: வாசகர் கேள்விகள், நிபுணர் பதில்கள்

கேள்வி: ஒரே நிறுவனத்தில் வேலை, ஆண்டுச் சம்பளம் 9 லட்சம் ரூபாய். 'இலவசமாக ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம்' என்று பல தளங்கள் விளம்பரம் செய்கின்றன. அரசு தளமே இருக்கும்போது இவை எதற்கு? எதை நம்புவது? (ஈரோடு வாசகர்)

பதில்: வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் எந்தப் படிவத்துக்கும், எவ்வளவு வருமானத்துக்கும் கட்டணம் கிடையாது. ஆகவே தனியார் தளம் 'இலவசம்' என்று சொல்வதில் உங்களுக்குப் புதிய லாபம் ஏதும் இல்லை. அவர்கள் தருவது வசதி. நிறுவனம் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16-ஐ ஏற்றினால் எண்களைத் தானே எடுத்துக்கொள்ளும், கேள்விகள் எளிய மொழியில் இருக்கும், பழைய, புதிய வரி முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். அவர்களுக்கு வருமானம் வருவது 'நிபுணர் உதவி' திட்டங்களிலிருந்தும், உங்கள் சம்பள விவரத்தை வைத்து விற்கக்கூடிய கடன், காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டுகளிலிருந்தும்தான். அது குற்றமில்லை. ஆனால் பதிவு செய்யும் பக்கத்தில், 'எங்கள் கூட்டு நிறுவனங்கள் தொடர்புகொள்ளச் சம்மதம்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பான் எண்ணைத் தருவதற்கு முன்பே மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்தெந்த ஐடிஆர் (வருமான வரி ரிட்டர்ன்) படிவம் இலவசம், வருமான வரம்பு உண்டா, பணம் கேட்பதற்கு முன்பே கணக்கீட்டுத் தாளை இறக்கிப் பார்க்க முடியுமா. மூன்றாவதுக்குப் பதில் 'முடியாது' என்றால் அந்தத் தளமே வேண்டாம்.

உங்கள் நிலையில் அரசு தளமே போதும். சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவு 75,000 ரூபாய் போக 8.25 லட்சம். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை 87ஏ பிரிவின்படி வரித் தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஆனால் வரி இல்லை என்பதால் தாக்கலும் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். பான் எண்ணால் உள்நுழைந்து, 'இ-ஃபைல்' பட்டியலில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கலைத் திறந்து, மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2026-27, ஆன்லைன் முறை, தனிநபர், ஐடிஆர் 1 என்று தேர்ந்தெடுங்கள். முன்நிரப்பிய எண்களை அப்படியே 'சரி' என்று தள்ளாமல் படிவம் 16, வரிப் பிடித்த விவரம் காட்டும் படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை மூன்றோடும் ஒத்துப் பாருங்கள். முன்நிரப்புதலில் அடிக்கடி விட்டுப்போவது வங்கிச் சேமிப்புக் கணக்கு வட்டி. ரீஃபண்ட் வர வேண்டியவர்கள் வங்கிக் கணக்கை முதலிலேயே 'வேலிடேட்' செய்துவைக்க வேண்டும். பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: அக்டோபரில் வேலை மாறினேன். முதல் நிறுவனத்தில் 6 லட்சம், இரண்டாவதில் 8 லட்சம். இரண்டிலும் வரிப் பிடித்தம் இல்லை. ஓர் இலவசத் தளத்தில் படிவம் 16-ஐ ஏற்றினேன். 'கட்ட வேண்டிய வரி 0' என்று வந்தது. நம்பலாமா? (சென்னை வாசகர்)

பதில்: நம்பாதீர்கள். நீங்கள் ஏற்றியது ஒரே படிவம் 16 ஆக இருக்க வேண்டும். மென்பொருள் அதில் இருப்பதை மட்டுமே பார்க்கும். முந்தைய வேலையைப் பற்றி அதற்குத் தெரியாது. இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே '12 லட்சத்துக்குக் கீழ்தான்' என்று கணக்குப் போட்டு, ஆளுக்கொரு முறை நிலைக்கழிவும் அடிப்படை விலக்கும் தள்ளுபடியும் கொடுத்திருக்கின்றன. சட்டப்படி இவை ஆண்டுக்கு ஒரு முறைதான்.

சரியான கணக்கு இது: மொத்தம் 14,00,000. நிலைக்கழிவு போக 13,25,000. 12 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதத்தில் 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதத்தில் 40,000. மிச்சம் 1,25,000-க்கு 15 சதவீதத்தில் 18,750. கூட்டினால் 78,750, 4 சதவீத செஸ் 3,150. மொத்தம் 81,900 ரூபாய், அதன் மேல், ஆண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்ட வேண்டிய முன்வரியைக் கட்டாததற்கான 234பி, 234சி பிரிவு வட்டி. வட்டி மாதக் கணக்கில் ஏறும், எனவே ஜூலை வரை காத்திருக்க வேண்டாம். 'இ-பே டேக்ஸ்' பகுதியில் சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டி, சலானில் உள்ள, வங்கிக் கிளையைக் குறிக்கும் பிஎஸ்ஆர் குறியீட்டையும் சலான் எண்ணையும் ரிட்டர்னில் பதிவு செய்த பிறகுதான் சமர்ப்பிக்க வேண்டும். சலானில் மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கட்டிய பணம் வேறு ஆண்டில் போய் உட்கார்ந்துவிட்டு, இந்த ஆண்டுக்கு நோட்டீஸ் வரும்.

கேள்வி: சம்பளத்தோடு கொஞ்சம் பங்கு வர்த்தகமும் உண்டு. 'இலவசம்' என்ற தளத்தில் முக்கால் மணி நேரம் எல்லாம் நிரப்பிய பிறகு, கடைசிப் பக்கத்தில் பணம் கேட்டார்கள். இது நியாயமா? நானே போட முடியுமா? (கோவை வாசகர்)

பதில்: இந்த உத்தி நம் ஊர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் டர்போடேக்ஸ் மென்பொருளை விற்கும் இன்ட்யூட் நிறுவனம், 'இலவசம்' என்ற விளம்பரம் தொடர்பாக 2022-ல் எல்லா மாநிலங்களோடும் 14.1 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டது. இலவசத் திட்டம் எளிய ரிட்டர்னுக்கு மட்டும் என்பதும், மூலதன ஆதாயம் வந்தால் திட்டம் மாறும் என்பதும் முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். முக்கால் மணி நேர உழைப்பை விட்டுவிட மனம் வராது என்பதுதான் அவர்கள் கணக்கு. விட்டுவிடலாம், நிரப்பிய எண்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் உழைப்பு வீணாகாது.

எந்தப் படிவம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பட்டியலிட்ட பங்குகளில் நீண்டகால ஆதாயம் (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபம்) மட்டும், அதுவும் 1.25 லட்சத்துக்குள், முன்கொண்டு செல்ல வேண்டிய நஷ்டமும் இல்லை என்றால் ஐடிஆர் 1 போதும். குறுகியகால ஆதாயம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர் 2. இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது), எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்திருந்தால் அது தொழில் வருமானம், ஐடிஆர் 3. நஷ்டம்தானே என்று எஃப் அண்ட் ஓவைக் காட்டாமல் விடுவோர் உண்டு. கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த நஷ்டத்தை வரும் ஆண்டுகளுக்கு எடுத்துப்போக முடியும். ஐடிஆர் 3-க்கு மட்டும் ஆடிட்டரிடம் போவதில் தவறில்லை.

ஐடிஆர் 2-ஐ நீங்களே போடலாம். புரோக்கர் தளத்திலிருந்து வரிக்கான லாப நஷ்ட அறிக்கையை இறக்குங்கள். 2018 ஜனவரி 31-க்குப் பிறகு வாங்கிய பங்குகளின் நீண்டகால ஆதாயத்தை ஒவ்வொரு பங்காக எழுத வேண்டியதில்லை. அதற்கான 112ஏ அட்டவணையில் மொத்தமாக ஒரே பதிவாகக் காட்டலாம். அதற்கு முன் வாங்கியவற்றைத்தான் தனித்தனியாக எழுத வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது மூலதன ஆதாய அட்டவணையின் இறுதியில். ஆதாயம் எந்தக் காலத்தில் வந்தது என்று ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15, மார்ச் 31 என ஐந்து பிரிவாகக் கேட்கும். 234சி வட்டியைக் கணக்கிடத்தான் இந்த விவரம். ஐந்தின் கூட்டுத்தொகை மேலே காட்டிய ஆதாயத்தோடு ஒரு ரூபாய்கூடப் பிசகக் கூடாது. பிசகினால் சரிபார்ப்பில் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நகர மறுக்கும்.

இன்னொன்று, இலவச கால்குலேட்டர்கள் சறுக்கும் இடம். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தாலும், பங்கின் குறுகியகால ஆதாயத்துக்கு உரிய 20 சதவீத வரிக்கு 2025-26-ல் புதிய முறையில் 87ஏ தள்ளுபடி இல்லை. கழிவு போகச் சம்பளம் 8 லட்சம், குறுகியகால ஆதாயம் 50,000 என்றால் சம்பளத்தின் மேல் வரி தள்ளுபடியாகிவிடும். ஆதாயத்துக்கு 10,000 வரியும் 400 செஸ்ஸும் கட்டியே ஆக வேண்டும். இந்த எண்களைப் போட்டுப் பார்த்து '0' என்று சொல்லும் தளத்தை மூடிவிடுங்கள்.

கேள்வி: 'கட்டணம் வேண்டாம், ரீஃபண்டில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்' என்றார் ஒருவர். பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டேன். 38,000 ரூபாய் வந்தது. இப்போது பயமாக இருக்கிறது. (மதுரை வாசகர்)

பதில்: பயத்துக்குக் காரணம் இருக்கிறது. வராத ரீஃபண்டை வரவழைக்க ஒரே வழி இல்லாத கழிவைக் காட்டுவது: கொடுக்காத வீட்டு வாடகை, அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத கல்விக் கடன் வட்டி. இப்படிப் பொய்க் கழிவு காட்டித் தந்த முகவர்களைக் குறிவைத்து 2025 ஜூலையில் வரித் துறை நாடு முழுவதும் சோதனை நடத்தியது. ரிட்டர்னில் கையெழுத்து உங்களுடையது. வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால், அதற்குரிய வரியைப் போல 200 சதவீதம் வரை அபராதம் வரலாம். ரீஃபண்டில் பங்கு வாங்கியவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். சுயவிவரத்தில் உள்ள மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவைதானா பாருங்கள். முகவர்கள் தங்களுடையதைப் போட்டுவைப்பது சகஜம், நோட்டீஸ் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வங்கிக் கணக்குப் பட்டியலில் அறியாத கணக்கு இருந்தால் நீக்குங்கள். 'அங்கீகரிக்கப்பட்ட பங்காளர்கள்' பகுதியில் இ-ரிட்டர்ன் இன்டர்மீடியரி (உங்கள் சார்பில் தாக்கல் செய்யும் இடையாளர்) என்று எவர் பெயராவது இருந்தால் செயலிழக்கச் செய்யுங்கள். வரித் துறையிடம் பதிவு பெற்ற தளம் உங்களை வாடிக்கையாளராகச் சேர்க்க ஓடிபி சம்மதமே போதும், பாஸ்வேர்டு தேவையே இல்லை. இ-ஃபைலிங் வால்ட் வசதியில் ஆதார் ஓடிபி இல்லாமல் யாரும் நுழைய முடியாதபடி பூட்டவும் செய்யலாம்.

பிறகு, தாக்கல் செய்த ரிட்டர்ன்களை எல்லா ஆண்டுகளுக்கும் இறக்கிக் கழிவுகளை வரிவரியாகப் படியுங்கள். பொய் இருந்தால், கெடு இருக்கும்வரை திருத்திய ரிட்டர்ன். கெடு முடிந்திருந்தால் ஐடிஆர்-யு எனப்படும் புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்றால், வரி, வட்டியோடு அவற்றின் மேல் 25 சதவீதம் கூடுதல். 24 மாதத்துக்குள் 50. அதன் பிறகு 60, 70 என்று 48 மாதம் வரை. நோட்டீஸ் வந்த பிறகு இந்த வழி அடைபடலாம். எனவே தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் மகள் டெக்சஸில் எஃப்-1 விசாவில் படிக்கிறாள், இரண்டாம் ஆண்டு. தோழிகள் எல்லோரும் ஓர் இலவச மென்பொருளில் போட்டார்களாம். அவளும் அதிலேயே போடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: போட வேண்டாம். அங்கே பிரபலமான இலவசத் தளங்கள் பெரும்பாலும் உள்நாட்டவருக்கான 1040 படிவத்தைத்தான் தயாரிக்கும். எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகளுக்கு வரிக் கணக்கில் வெளிநாட்டவர். அவர்களுக்கு வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர், கூடவே அந்த நிலையைத் தெரிவிக்கும் 8843 படிவம். சம்பாதிக்காத மாணவிக்கும் 8843 உண்டு. 1040 போட்டால் உரிமையில்லாத கல்விச் சலுகை சேர்ந்து பெரிய ரீஃபண்ட் வரும், தோழிகள் மகிழ்ந்தது அதனால்தான். பின்னால் அது விசா விஷயத்திலும் தலைவலியாகலாம்.

இந்திய மாணவர்களுக்கு ஒரு தனிச் சலுகை: இரு நாட்டு வரி உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவால் நிலைக்கழிவை 1040-என்ஆரிலேயே எடுக்கலாம். பல நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை. மகளைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். 1040-என்ஆர் தயாரிக்கும் மென்பொருளுக்கான இலவசக் குறியீட்டைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை, ஒரு வேலை மிச்சம். ஏற்கெனவே 1040 போட்டுவிட்ட தோழிகள் 1040-எக்ஸ் மூலம் திருத்தலாம்.

கேள்வி: ஜூலை 20 அன்றே இலவசத் தளத்தில் சமர்ப்பித்தேன். 'வெற்றி' என்று வந்தது. அரசு தளத்தில் 'சரிபார்ப்பு நிலுவை' என்று இருக்கிறதே? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: ஏற்றியது மட்டும் தாக்கல் ஆகாது. 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும். ஆதார் ஓடிபி எளிது. தவறினால் சரிபார்த்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்படும், கெடு தாண்டியிருந்தால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம் வரும், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ஆதாரோடு கைபேசி இணைக்காதவர்கள் நெட் பேங்கிங் வழியாகவோ, ஐடிஆர்-வி எனப்படும் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு பெங்களூரு 560500 மத்தியச் செயலாக்க மையத்துக்கு அனுப்பியோ முடிக்கலாம். தாளை அனுப்புவதானால் அதே 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள்.