விழுவது ஆண் ஈ, முட்டையிடுவது யார்?

கேள்வி: எங்கள் மாந்தோப்பு 5 ஏக்கர். காய் முற்றியதும் பழ ஈக்காக, மணத்தால் ஈயை இழுக்கும் மீத்தைல் யூஜினால் மருந்து வைத்த பொறி இரண்டு கட்டினோம். தினமும் கை நிறைய ஈ செத்து விழுகிறது. ஆனாலும் நீலம் மாம்பழத்தை அறுத்தால் உள்ளே புழு. "ஈக்கு மரபணுவே மாறிப்போச்சு, இனி பொறி வேலைக்கு ஆகாது" என்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். உண்மையா?
– ஒரு விவசாயி, பேரணாம்பட்டு

பதில்: செத்த ஈயை எண்ணிச் சந்தோஷப்படுவதை முதலில் நிறுத்துங்கள். அவ்வளவும் ஆண். பழத்தில் ஊசி போட்டு முட்டை வைப்பது பெண். ஆணைக் கொல்வதால் ஒரே பயன்தான் உண்டு, பெண்ணுக்கு இணை கிடைக்காமல் போவது. 100 ஆணில் 90 செத்தாலும் அது நடக்காது. மிஞ்சிய 10 ஆணும் அடுத்தடுத்த அந்திகளில் வேறு வேறு பெண்களோடு சேரும். பெண்ணுக்கோ ஒருமுறை சேர்ந்தாலே போதும், விந்தை உடம்பில் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் முட்டையிடும். பசிபிக்கில் ரோட்டா தீவில் 1960களில் இதே மருந்தை வைத்தே பழ ஈயை அடியோடு ஒழித்தார்கள். அது சுற்றிலும் கடல் உள்ள தீவு, தீவு முழுவதும் ஒரே சமயத்தில் மருந்து விழுந்தது. 5 ஏக்கருக்கு இரண்டு பொறி கட்டிவிட்டு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

ஆண் ஈ ஏன் இந்த மருந்தைத் தேடி வருகிறது? கொன்றைப் பூவிலும் துளசியிலும் இருக்கும் பொருள் இது. ஆண் இதைத் தின்று, உடம்பில் வேறு மணப்பொருளாக மாற்றி, மலக்குடல் சுரப்பியில் சேர்த்து வைக்கிறது. அந்தி சாயும்போது அந்த வாசனையை வெளியே விடுகிறது. பெண் அப்படிப்பட்ட ஆணையே அதிகம் தேர்ந்தெடுக்கிறது. ஒருமுறை தின்ற ஆணுக்கு இந்த அனுகூலம் வாரக்கணக்கில் நீடிப்பது ஹவாய் ஆய்வுகளில் தெரிந்தது.

இதனால்தான் பழைய பொறி ஆபத்து. பொறிக்குள் மருந்தில் ஊறவைத்துத் தொங்கவிடும் கட்டையில் விஷம் தீர்ந்து மணம் மட்டும் மிஞ்சினால், வந்த ஆண் தின்றுவிட்டுத் தப்பிப்போகும், போகும்போது முன்னைவிட நல்ல மாப்பிள்ளையாகப் போகும். பொறிக்கு வெளியே மருந்து சிந்தியிருந்தாலும் இதே கதை. மருந்து பட்ட கையோடு கிளையையும் டப்பாவையும் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மரபணு விஷயம். பக்கத்துக்காரர் சொல்வதில் பாதி சரி. மணத்துக்கு ஓடி வரும் குணம் மரபு வழி இறங்குவது. ஹவாயில் டாட் ஷெல்லி என்ற பழ ஈ ஆய்வாளர், மணத்துக்கு வராத ஆண்களையே பொறுக்கித் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினார். அந்த வழியில் பிறந்த ஆண்கள் மருந்தைச் சட்டை செய்வது குறைந்தது. இதை அவர் 1997இல் வெளியிட்டார். பொறியும் அதே பொறுக்கலைத்தான் செய்கிறது, வருகிறவனைக் கொன்று வராதவனை மிச்சம் வைக்கிறது. ஆனால் தோப்பில் பெண்ணின் தேர்வு எதிர்த்திசையில் இழுக்கிறது. மருந்து தின்னாத ஆணுக்கு, தின்றவன் பக்கத்தில் இருக்கும்வரை, இணை கிடைப்பது கடினம். வேலிக்கு அப்பாலிருந்து தின்ற ஆண்கள் வந்துகொண்டே இருப்பதால் மாற்றம் எளிதில் நிலைக்காது. உங்கள் பொறியில் தினமும் கை நிறைய விழுகிறதே, மணத்துக்கு வரும் ஆண்களுக்கு அங்கே பஞ்சமில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனாலும் அலட்சியம் கூடாது. ஜப்பானின் ஒகினாவாவில் பூசணி ஈயை ஒழிக்க, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மலட்டு ஆண்களைப் பறக்கவிட்டார்கள், அவற்றோடு சேரும் பெண்ணின் முட்டை பொரிக்காது என்பதற்காக. நாளடைவில் அந்த ஆண்களை ஏற்காத காட்டுப் பெண்கள் தென்படத் தொடங்கின. 1993இல் ஒழித்துவிட்டார்கள் என்றாலும், பெண்ணின் தேர்வும் நம் நெருக்கடியில் மாறும் என்பதற்கு அது சாட்சி.

செய்ய வேண்டியது இது. 5 செ.மீ. சதுர பிளைவுட் கட்டையை எத்தில் ஆல்கஹால் 6, மீத்தைல் யூஜினால் 4, மாலத்தியான் பூச்சிக்கொல்லி 1 பங்குக் கலவையில் 3 நாள் ஊறவையுங்கள். ஏக்கருக்குக் குறைந்தது 4 பொறி, அறுவடைக்கு 45 நாள் முன்பே கட்ட வேண்டும். காய் முற்றிய பிறகு கட்டினால், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பெண்களை அது ஒன்றும் செய்யாது. அந்தப் பெண்களுக்கு வேறு வைத்தியம்: லிட்டர் தண்ணீரில் வெல்லம் 100 கிராம், டெல்டாமெத்ரின் 2.8 ஈ.சி. பூச்சிக்கொல்லி 1 மில்லி கலந்து, காயில் படாமல் அடிமரத்தில் மட்டும் தெளியுங்கள். உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி எடுங்கள். புழு பழத்தைவிட்டு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். மரத்தடியில் கிடக்கும் ஒரு நீலம், இரண்டு வாரத்தில் அடுத்த கூட்டத்தை அனுப்பிவிடும்.