மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தால்...

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 41. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில் மண்ணீரல் கிழிந்து, அவசரமாக எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஏதோ தடுப்பூசி போட்டதாக நினைவு. அதன்பின் நன்றாகத்தான் இருக்கிறார். போன மாதம் குளிரும் காய்ச்சலும் வந்தது. பாராசிட்டமால் கொடுத்தோம், மறுநாள் சரியாகிவிட்டது. 'மண்ணீரல் இல்லாதவரை இப்படி வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?' என்று நாத்தனார் கோபித்துக்கொண்டார். இவ்வளவு பயம் தேவையா? வீட்டில் நாய் வேறு இருக்கிறது.

பதில்: உங்கள் நாத்தனார் பக்கம்தான் நான். அடுத்த முறை மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

நியூமோகாக்கஸ் போன்ற சில பாக்டீரியாக்களுக்கு வெளியே ஒரு வழுக்கும் சர்க்கரை உறை உண்டு. வெள்ளணுக்களின் பிடியில் அவை லேசில் சிக்காது. ரத்தம் நிதானமாக வடிகட்டப்படும் மண்ணீரலில்தான் அவை மாட்டும். 1952-இல் கிங், ஷூமாக்கர் என்ற மருத்துவர்கள், மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வந்த கடும் தொற்றுகளைப் பற்றி எழுதினார்கள். அதற்குப் பிறகே இந்த ஆபத்து பரவலாகத் தெரிய வந்தது.

இது அடிக்கடி வருவதில்லை. ஆனால் வந்தால் வேகம் பயங்கரம். காலையில் சாதாரண ஃப்ளூ மாதிரி உடல்வலி, குளிர், வாந்தி; இரவுக்குள் ரத்த அழுத்தம் சரிந்து ஐசியு வரை போய்விடலாம். சிகிச்சை தந்தும் பாதிப் பேர் வரை இறந்திருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வருடங்களில் ஆபத்து அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பல பத்தாண்டுகள் கழித்தும் வந்திருக்கிறது. எட்டு வருடம் ஓடிவிட்டதே என்று அசந்துவிடாதீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, காய்ச்சலே தெரியாமல் உடல் நடுங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரி. அங்கே முதல் வாக்கியமே "இவருக்கு மண்ணீரல் இல்லை" என்பதாக இருக்கட்டும். வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். இதை எழுதிய அட்டை ஒன்று எப்போதும் அவர் பர்ஸில் இருக்க வேண்டும். பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஆன்டிபயாடிக் எழுதித் தரும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். மாத்திரை போட்டாயிற்று என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அப்புறம் தடுப்பூசி. 'ஏதோ ஒன்று' போதாது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் போடாதவராகவே கருதித் தொடங்குவார்கள். நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் (மூளைக்காய்ச்சல் தரும் பாக்டீரியா), ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி என்ற பாக்டீரியா) ஆகிய மூன்றுக்கும் பாதுகாப்பு வேண்டும். மெனிங்கோகாக்கஸில் ஏசிடபிள்யூஒய், பி என இரண்டு வகை ஊசிகள் உண்டு. பல நாட்டு வழிகாட்டுதல்களில் முதல் வகையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி போடச் சொல்கிறார்கள். ஃப்ளூ ஊசி வருடா வருடம், ஏனென்றால் ஃப்ளூவின் பின்னாலேயே நியூமோகாக்கஸ் நுழையும். (திட்டமிட்டு மண்ணீரலை எடுக்கப் போகிறவர்கள், அறுவைக்கு இரண்டு வாரம் முன்பாவது இவற்றைப் போட்டுக்கொள்வது நல்லது.) எல்லா ஊசியும் போட்டாலும் எல்லா ரகக் கிருமிக்கும் காப்பு கிடைக்காது. காய்ச்சல் விதி அப்படியே நிற்கும்.

மலேரியா உள்ள இடத்துக்குப் போவதானால், முன்பே தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்; மண்ணீரல் இல்லாதவருக்கு மலேரியா கடுமையாகலாம்.

நாயை எங்கும் அனுப்ப வேண்டாம். ஆனால் நாயின் வாயில் கேப்னோசைட்டோஃபேகா என்றொரு பாக்டீரியா சாதாரணமாக வாழ்கிறது. இவருக்கு அது ஆபத்து. புண்ணை நக்க விடாதீர்கள். சின்னக் கடியானாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ரேபிஸ் ஊசி போட்டதோடு திரும்பிவிட வேண்டாம், அது வேறு கணக்கு. இந்தப் பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி கிடையாது. ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்குங்கள்.